"சீர் கூகுள் பே-ல வந்துச்சு... நீதான் வரல தம்பி!" - வி.ஆர்.எஸ் வாங்கிய அப்பாவோடு அரியலூர், பெரம்பலூரில் 5 நாள்கள்

"ரிட்டயர் ஆனதும் கண்டிப்பா வர்றேன்." இதை நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள்? என் அப்பாவும் சொன்னார். வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வும் பெற்றார். ஆனால், போவதற்கு ஐந்து வருடங்கள் தாமதமாகிவிட்டது. கடந்த 2025 பொங்கலுக்கு அவரோடு போய் வந்த கதை இது. நீங்களும் போகலாம் என்பதற்காக வழியும் விவரமும் சேர்த்தே சொல்கிறேன்.

2025 ஜனவரி 13, போகி. அரியலூர் ரயில் நிலையத்தில் அப்பா, அம்மா, நான் மூவரும் இறங்கினோம். அப்பா நேராகக் கடைத்தெருவுக்குப் போனார். ஒரு ஜோடி கரும்பு, மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, பச்சரிசி, மண்டை வெல்லம், தேங்காய், பூவன் பழம், வெற்றிலை பாக்கு என்று வாங்கிக்கொண்டே இருந்தார். புடவை மட்டும் சென்னையிலேயே எடுத்தாகிவிட்டது. வாடகை கார் ஜன்னலில் கரும்புத் தோகை நீட்டிக்கொண்டிருக்க, தஞ்சாவூர் சாலையில் கீழப்பழுவூர் தாண்டி, திருமானூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வாசலில் நின்ற அத்தை கரும்பைத்தான் முதலில் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, நம்ம கொல்லையில இல்லாத கரும்பா? இதைப் போய் காசு குடுத்து வாங்கியாந்திருக்க!"

அப்பா சிரிக்க முயன்றார். அத்தை விடவில்லை.

"முன்ன மணியார்டர்ல வந்துச்சு. அப்புறம் பேங்க்ல போட்ட. அப்புறம் கூகுள் பே-ல வந்துச்சு. ஒரு பொங்கலுக்குக்கூட சீர் தவறினதில்ல. நீதான் வரல."

அண்ணன் தம்பிமார் நேரில் கொண்டுவந்து வைக்கும் பொங்கல் சீர், பெண்களுக்குப் பொருள் கணக்கு அல்ல. பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது என்று தெருவே பார்க்க வேண்டும். அதைப் பணமாக அனுப்பினால் ரசீது வரும், ஆள் வராது. அப்பா பதில் பேசாமல் தாம்பாளத்தில் சீரை அடுக்கினார்.

54 வயதில் ஓய்வு

அப்பா பி.எஸ்.என்.எல் ஊழியர். கேபிள் பழுது பார்ப்பது அவர் வேலை. 2019-ல் அந்த நிறுவனம் 50 வயதைக் கடந்தவர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தபோது, நாடு முழுவதும் 78,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று அத்தனை பேரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். அதில் அப்பாவும் ஒருவர். அப்போது அவருக்கு 54 வயது.

அத்தையின் கணவர், என் மாமா, வருடா வருடம் மார்கழி பிறந்ததும் போன் செய்வார். "ஏரிக்குப் பறவையெல்லாம் வந்துடுச்சு மச்சான். பொங்கலுக்கு வாங்க, விடியக்காலையில கூட்டிட்டுப் போறேன்" என்பார். அப்பாவின் பதிலும் மாறாது. "டூட்டி இருக்கு மாமா. ரிட்டயர் ஆகட்டும், ஒரு மாசம் உங்க வீட்டுலதான்."

ஓய்வு பெற்ற பிப்ரவரி மாதம் முழுக்க அப்பா நிம்மதியாகத் தூங்கினார். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் மாமா போய்விட்டார். முகம் பார்க்கக்கூட எங்களால் போக முடியவில்லை. ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒருநாள் போய்த் துக்கம் கேட்டுவிட்டு, அன்றைக்கே திரும்பினோம்.

அதற்குப் பிறகு அப்பாவிடம் நேரம் நிறைய இருந்தது. ஆனால், அந்த வீட்டுக்குப் போக அவருக்குக் கூச்சம். அதனால்தான் அடுத்தடுத்த பொங்கல்களுக்கும் சீர் கூகுள் பே-யில் போனது. இந்த முறை டிக்கெட் போட்டது அம்மா. "நீங்க வரலைன்னா நானும் பாப்பாவும் போறோம்" என்று சொன்ன பிறகுதான் அப்பா பெட்டியை எடுத்தார்.

ஹாலில் உட்கார்ந்தால் பேச்சு வராது

முதல் மூன்று நாள்கள் சுமாராகத்தான் போயின. பொங்கல் வைத்தோம். மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளைக் குளிப்பாட்டினோம். மற்ற நேரமெல்லாம் அப்பா ஹாலில் டி.வி முன்னால், அத்தை அடுப்படியில். "சாப்பிடு", "சுகர் மாத்திரை போட்டியா", "இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டா" என்பதைத் தாண்டி இருவரும் பேசவில்லை. மாமாவின் போட்டோ சுவரில் இருந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பாமலேயே உட்கார்ந்திருந்தார்.

மாட்டுப் பொங்கல் ராத்திரி அம்மாதான் ஆரம்பித்தார். "நாளைக்குக் காணும் பொங்கல். எல்லாரும் கரைவெட்டி ஏரிக்குப் போவோம் அண்ணி."

"வந்தவங்களுக்கு ஆக்கிப் போடாம ஏரிக்கரையில கொண்டுபோய் விடறதா?"

"ஆக்கியே எடுத்துட்டுப் போவோம். நானும் கூட மாட நிக்கிறேன். அவரு தேங்காய் துருவட்டும்."

அத்தைக்கு அந்த ஊரில் நாற்பது வருட வாழ்க்கை. ஆனால், ஏரியை வேடிக்கை பார்க்க ஒருநாளும் போனதில்லையாம். "நடவுக்குப் போயிருக்கேன், அறுப்புக்குப் போயிருக்கேன். சும்மா போனதில்ல" என்றார்.

"மாமா போகும்போது நீங்களும் போயிருக்கலாமே அத்தை?"

"அவரு போவாரு. எனக்கு மாடு யார் கறக்கிறது, அடுப்பை யார் பார்க்கிறது? எனக்கென்ன பாப்பா, ரிட்டயர்மென்டா குடுத்தாங்க?"

63 வயது அத்தை இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா தேங்காய்த் துருவலை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

கரைவெட்டி: இமயமலை தாண்டி வரும் விருந்தாளிகள்

மறுநாள் பனி விலகும் முன்பே ஏரிக்கரையில் இருந்தோம். கரைவெட்டி பறவைகள் சரணாலயம் சுமார் 450 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி. 1999-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது.

இந்த ஏரிக்கு மழை மட்டும் ஆதாரம் இல்லை. மேட்டூர் அணையில் திறக்கும் காவிரி நீர், புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வந்து சேர்கிறது. அதைத்தான் அத்தை தன் பாஷையில் சொன்னார். "மேட்டூர்ல தண்ணி விட்டாத்தான் நமக்கு நடவு. ஏரி நிறைஞ்சாத்தான் பறவை வரும். ரெண்டும் ஒரே கணக்குதான்."

கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நாமக்கோழி, ஊசிவால் வாத்து என்று நீர்ப்பறவைகள் இந்தப் பருவத்தில் கூடுகின்றன. அவற்றில் பெயர் பெற்றது பட்டைத்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். மங்கோலியா, திபெத் போன்ற மத்திய ஆசிய மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் பறவை இது. உலகிலேயே மிக உயரத்தில் பறக்கும் பறவைகளில் ஒன்று.

தூரத்தில் ஒரு கூட்டம் தண்ணீரிலிருந்து எழும்பியது. அப்பாவிடம் இருந்த பழைய பைனாகுலர் கை மாறி அத்தையிடம் போனது. முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு, "ஏயப்பா..." என்று மட்டும் சொன்னார். வெகுநேரம் அதைத் திருப்பித் தரவே இல்லை.

கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தபோதுதான் அப்பா வாய் திறந்தார். "மாமா கூப்பிட்டப்பவே வந்திருக்கணும்க்கா."

அத்தை சமாதானம் சொல்லவில்லை. "வந்திருக்கணும்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கடைசி வருஷம்கூட, மச்சானுக்கு ரிட்டயர்மென்ட் ஆயிடுச்சு, கொரோனா முடியட்டும், இந்த தடவை வந்துடுவாருன்னு சொல்லிட்டிருந்தாரு" என்றார்.

அப்பா அழுதார். நானும் அம்மாவும் எழுந்து, பறவை பார்ப்பதுபோல் கரையோரமாக நடந்துபோய்விட்டோம். திரும்பி வந்தபோது இருவரும் மாமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்பில் மாமாவின் செருப்பு தொலைந்த கதை. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். புளிச்சோற்று டப்பா பாதி காலி.

மூன்று நாள்கள் வீட்டுக்குள் வராத பேச்சு, ஏரிக்கரையில் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. வீட்டில் இருந்தால் ஒருவர் விருந்தாளி, ஒருவர் பரிமாறுகிறவர். வெளியே வந்துவிட்டால் இருவரும் அக்கா, தம்பி மட்டும்தான்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் காணும் பொங்கல்

அன்று மதியத்துக்கு மேல் ஜெயங்கொண்டம் வழியாக கங்கைகொண்ட சோழபுரம் போனோம். காணும் பொங்கலன்று சுற்றுவட்டாரமே இங்கேதான் கூடுகிறது. குழந்தைகள் ஓட, பெரியவர்கள் மர நிழலில் சாய்ந்திருக்க, திருவிழாக் கூட்டம்.

முதலாம் ராஜேந்திர சோழன் கங்கைவரை படை அனுப்பி வென்றதன் நினைவாக எழுப்பிய தலைநகரம் இது. சோழர்களுக்குச் சுமார் 250 வருடங்கள் தலைநகராக இருந்தது. கோயில் விமானம் சுமார் 55 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயிலைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால், தஞ்சை விமானம் நேர்க்கோடாக ஏற, இது வளைந்து மேலே போகும். தஞ்சைக் கோயில் 1987-லேயே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடிக்க, இந்தக் கோயிலும் தாராசுரமும் 2004-ல் சேர்க்கப்பட்டன.

பெரியவர்களோடு போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம் வடக்கு வாசல் படிக்கட்டு. அதன் ஒரு பக்கம் சரஸ்வதி, மறுபக்கம் சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சண்டேசர் கைகூப்பிக் கீழே உட்கார்ந்திருக்க, சிவபெருமான் குனிந்து அவர் தலையில் பூமாலையைச் சுற்றிவிடுகிறார். அத்தை அங்கே நின்றவர் நகரவில்லை. "சின்னப் பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டிவிடற மாதிரி இருக்குடா" என்றார். சிலையைப் பற்றி நான் படித்துவைத்திருந்த விளக்கத்தை அப்புறம் சொல்லத் தோன்றவில்லை.

சிங்க உருவத்தின் வயிற்றுக்குள் படி இறங்கும் சிங்கக் கிணறும் வளாகத்திலேயே இருக்கிறது. ராஜேந்திரன் கங்கை நீரைக் கலந்து வெட்டுவித்த சோழகங்கம் என்ற பெரிய ஏரி, இன்று பொன்னேரி என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தி வெளிச்சத்தில் விமானத்தின் கல் பொன்னிறமாகும் நேரம்வரை புல்வெளியில் இருந்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

பெரம்பலூர்: கல்லான மரமும் கல் கோட்டையும்

மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தையும் எங்களோடு கிளம்பினார். மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு அவர் வெளியூர் கிளம்புவது ரொம்ப நாள் கழித்து நடந்ததாம். அரியலூரிலிருந்து சுமார் 30 கி.மீ தூரத்தில் பெரம்பலூர். அங்கே அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற விவசாயி.

1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்தபோது பெரம்பலூர், அரியலூர் இரண்டும் ஒரே மாவட்டம். 2001-ல் அரியலூர் பிரிந்து, 2002-ல் மறுபடி சேர்ந்து, 2007 நவம்பரில் நிரந்தரமாகத் தனி மாவட்டமானது. "நம்ம குடும்பம் மாதிரிதான், பிரிஞ்சு சேர்ந்து பிரிஞ்சிருக்கு" என்று சித்தப்பா கிண்டலடித்தார்.

முதலில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். பொதுவாகத் திங்கள், வெள்ளி மட்டும்தான் இங்கே நடை திறப்பார்கள் என்பதால், வெள்ளிக்கிழமையைப் பார்த்தே திட்டம் போட்டிருந்தோம்.

அடுத்து சாத்தனூர் கல்மரம். சுமார் 12 கோடி வருடங்களுக்கு முன் இந்தப் பகுதி கடலோரம். கடலில் அடித்துவரப்பட்ட மரம் ஒன்று மண்ணில் புதைந்து, காலப்போக்கில் அப்படியே கல்லாகிவிட்டது. இன்றும் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் இதைக் கண்டறிந்தார். அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் கிடைப்பதும் அந்தப் பழைய கடலின் உபயம்தான். கடலுயிரிகளின் ஓடுகள் படிந்து படிந்து உருவான பாறை அது. இந்தக் கதையை விரிவாகத் தெரிந்துகொள்ள, அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பேரன் பேத்திகளோடு போகிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கல்மரத்தின் பக்கத்தில் நின்று அப்பா சொன்னார். "முப்பது வருஷம் கேபிளுக்காக மண்ணைத் தோண்டியிருக்கேன். எனக்கு இப்படி ஒண்ணுகூட மாட்டலையே!"

கடைசியாக ரஞ்சன்குடி கோட்டை. பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் சுமார் 17 கி.மீ. அகழி, மூன்று அடுக்கு மதில் என்று சிறிய குன்றின் மேல் கட்டப்பட்ட 17-ம் நூற்றாண்டுக் கோட்டை. 1751-ல் ஆங்கிலேயர் ஆதரவு பெற்ற முகமது அலிக்கும், பிரெஞ்சுக்காரர்கள் ஆதரவு பெற்ற சந்தா சாகிப்புக்கும் நடந்த வாலிகண்டபுரம் போர் இந்த வட்டாரத்தில்தான் நடந்தது.

கோட்டையின் இரண்டாம் மதிலோடு அத்தை நின்றுவிட்டார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அம்மாவும் துணைக்கு உட்கார்ந்துகொண்டார். உச்சிவரை ஏறியது அப்பாவும் சித்தப்பாவும் நானும்தான். மேலே நின்று அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "அஞ்சு வருஷம் முன்னாடி வந்திருந்தா அக்காவும் ஏறியிருக்கும்" என்றார். சித்தப்பா, "இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு வந்தா நீயும் ஏற மாட்ட" என்றார்.

சீக்கிரம் ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடைக்கும் பெரிய சலுகை இதுதான். பணத்தைவிட, நடக்கிற கால்கள் கொஞ்ச காலம் கூடுதலாகக் கையிருப்பில் இருக்கின்றன. அதை டி.வி முன்னால் செலவழித்தால் திரும்பக் கிடைக்காது. நம்மைவிட மூத்த உறவுகளுக்கு அந்தக் கையிருப்பு இன்னும் குறைவு.

பணம் பற்றிக் கொஞ்சம்

ஊர் சுற்றுவதற்கு முன், முன்கூட்டியே ஓய்வு பெறுகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. பி.எஃப்-ல் 10 வருட சேவை முடித்தவர்கள் 50 வயதிலிருந்தே ஓய்வூதியம் கேட்கலாம். ஆனால் 58 வயதுக்கு எத்தனை வருடம் முன்பு கேட்கிறோமோ, வருடத்துக்கு 4 சதவிகிதம் குறையும். அஞ்சலகம் மற்றும் வங்கிகளில் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதானவர்களுக்கானது. என்றாலும், 55 வயது முடிந்து விருப்ப ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் சேரலாம். அதிகபட்ச முதலீடு 30 லட்சம் ரூபாய். அப்பா 54 வயதிலேயே வந்துவிட்டதால் இந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

நீங்களும் கிளம்பப் போகிறீர்களா?

* எப்போது போகலாம்: நவம்பர் முதல் பிப்ரவரிவரை நல்ல பருவம். பறவைகளும் இருக்கும், வெயிலும் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் கோட்டை ஏறும் எண்ணமே வேண்டாம்.

* எப்படிப் போகலாம்: சென்னை - திருச்சி கார்டு லைனில் அரியலூர் இருக்கிறது. பெரம்பலூர் நகருக்கு ரயில் இல்லை. நெடுஞ்சாலைப் பேருந்துகள்தான் வசதி. இப்போது ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. பொங்கல் டிக்கெட்டுக்கு நவம்பரிலேயே நாள் குறித்துவையுங்கள்.

* சாலையில் கவனம்: அரியலூர் சுற்றுவட்டாரத்தில் சிமென்ட், சுண்ணாம்புக்கல் லாரிகள் அதிகம். சொந்தக் காரில் போகிறவர்கள் இரவுப் பயணத்தைத் தவிர்க்கலாம்.

* பறவை பார்க்க: விடியற்காலை அல்லது மாலை. பளிச்சென்ற நிற உடை, சத்தமான செல்போன் பாட்டு வேண்டாம். சாப்பிட்ட இலை, பிளாஸ்டிக் எதையும் கரையில் விடாதீர்கள்.

* கோயில் நேரம்: கங்கைகொண்ட சோழபுரத்தில் நண்பகலில் சன்னிதி நடை சாத்தப்படும். சுவாமி தரிசனமும் வேண்டும் என்றால் காலையிலோ மாலையிலோ போங்கள்.

* கல் பொறுக்காதீர்கள்: புதைபடிவங்கள் அறிவியல் பொக்கிஷம். நினைவுக்காக எடுத்துவர ஆசை வரும். போட்டோ போதும்.

* உறவினர் வீட்டில்: முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். ஒருவேளைச் சமையலையாவது நீங்கள் பாருங்கள். முக்கியமாக, அந்த வீட்டில் ஓய்வே இல்லாமல் இருப்பவரையும் உங்களோடு வெளியே அழைத்துப் போங்கள். நீங்கள் மட்டும் ஊர் சுற்றிவிட்டு வந்து சாப்பாட்டுக்கு உட்காராதீர்கள்.

நாங்கள் கிளம்பும்போது அத்தை, சித்தப்பா வீட்டிலேயே இரண்டு நாள்கள் தங்குவதாகச் சொல்லிவிட்டார். "டவுன் பஸ்ல எனக்கு டிக்கெட்டே கிடையாது, மாறி மாறிப் போயிக்குவேன்" என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார். 2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பேருந்துத் திட்டத்தை அத்தை அதுவரை ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும்தான் பயன்படுத்தியிருந்தார்.

மார்ச் மாதம் ஒருநாள் காலையில் அப்பாவின் போன் அடித்தது. அத்தைதான். "தம்பி, ஏரியில தண்ணி வத்துது. பறவையெல்லாம் கிளம்பிடுச்சு" என்றார். மாமாவுக்கு அடுத்து இப்போது அத்தை அந்தத் தகவலைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். அப்பா காலண்டரைப் பார்த்தார். "ஆடிப்பெருக்குக்குக் கொள்ளிடக் கரைக்கு வர்றேன்க்கா. புளிச்சோறு நாங்க கொண்டாறோம்" என்றார்.

அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது. "வர்றேன்னு சொல்லாத. டிக்கெட் போட்டுட்டுச் சொல்லு."

போட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று அப்பா இப்போதெல்லாம் எங்களிடமும் சொல்கிறார். உங்கள் வீட்டில் "ரிட்டயர் ஆனதும் வர்றேன்" என்ற பாக்கி யாருக்காவது இருக்கிறதா? இருந்தால், இன்றைக்கு ஒரு போன் செய்யுங்கள்.